ப்ளூ மூன் அத்தை

டியூஷன் சார்வாள் வீட்டுத் தார்சாவில் ஏறியதும் முதலில் வருவது மூக்குப்பொடி வாசம். அதற்குப் பின்னாலேயே அடுக்களையிலிருந்து காயம் தாளிக்கிற வாசம், அதற்கும் பின்னால் மூலையில் சணல் கயிறு போட்டுக் கட்டிவைத்த பழைய பேப்பர்க் கட்டின் புழுங்கல் வாசம். இந்த மூன்றும் கலந்ததுதான் ரொம்ப நாளைக்கு எனக்கு இங்கிலீஷின் வாசம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷுக்கு வாசம் கிடையாது. எழுதுவார்கள், அழிப்பார்கள், மணி அடித்துவிடும். சார்வாள் வீட்டில்தான் அது மனுஷர் புழங்குகிற பாஷையாக இருந்தது. கொடியில் காயும் வேட்டிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பனியனோடு விசிறிக்கொண்டே, பழுப்புக் காகித அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டினைத் திறக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு அவர் பாடம் நடத்துவார். புத்தகம் எதற்கு என்றால், பொடி போடும்போது கீழே சிந்தாமல் பிடிக்க. நான் பார்த்த வரைக்கும் அதற்குத்தான் அது பயன்பட்டது.

நான் சொல்ல வருகிற சாயங்காலத்தில், கறுப்பு பெயிண்ட் அடித்த பலகையில் சார்வாள் ஒரு வரிசை எழுதினார். மேலே ஆல்வேஸ், அடியில் நெவர், நடுவில் ஆஃபன், சம்டைம்ஸ், செல்டம். இது பள்ளிக்கூடத்திலும் வரும். சார்வாள் அதோடு விடாமல் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்து, இன்னொரு வரிசை போட்டார்: நவ் அண்ட் தென், ஆஃப் அண்ட் ஆன், ஒன்ஸ் இன் எ வைல், ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்.

"எல்லாத்துக்கும் 'எப்பவாவது'ன்னு எழுதிட்டுப் போயிராதீங்க. மச்சுப்படி மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு படி கீழ."

ஒவ்வொரு படியையும் இறங்கிக் காட்டினார். நவ் அண்ட் தென் என்றால் அடிக்கடி இல்லை, ஆனாலும் வருவது உறுதி. ஆஃப் அண்ட் ஆன் என்றால் விட்டுவிட்டு, ஓய்ந்தது போலிருந்து மறுபடி தொடங்குவது. ஒன்ஸ் இன் எ வைல் என்றால் நடுவில் நாம் அதை மறந்துபோகிற அளவுக்கு இடைவெளி. கடைசிப் படிக்கு வந்ததும் பொடி போட்டு, தும்மலுக்குக் காத்திருந்து, தும்மல் வராமல் போகவே, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"லேய், நிலா நீலமா இருந்து பாத்திருக்கியா?"

"இல்ல சார்வாள்."

"அம்புட்டுத்தான் அர்த்தம்."

மறுநாளைக்கு ஆளுக்குப் பத்து வாக்கியம். எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும்; புத்தகத்து வாக்கியம் கொண்டுவந்தால் கிழித்துவிடுவேன் என்று வேறு சொன்னார். அவர் எதையும் கிழித்ததில்லை. ஆனாலும் அதற்குப் பயந்து அன்று முதல் எங்கள் வீட்டை நான் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். எது எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே திரிந்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "நீங்க சிரிக்கிறது செல்டமா, ஒன்ஸ் இன் எ வைலா?" என்று கேட்டதும் அந்த நாட்களில்தான். அப்பா சிரிக்கவில்லை. செல்டம் என்று குறித்துக்கொண்டேன்.

நவ் அண்ட் தென்னுக்கு மேலவீட்டு மதினி இருந்தார்கள். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரோடு, முந்தானையால் அதை மூடிக்கொண்டு, யாரோ பார்த்துவிடக் கூடாது என்பது போலத் தெருவைத் தாண்டி வருவார்கள். காப்பிப் பொடி. அம்மா கும்மாச்சியாகக் கொடுத்து அனுப்புவாள். திரும்பி வரும்போது டம்ளர் தலை தட்டியிருக்கும். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. டப்பாவில் கொட்டும்போது டம்ளரை மட்டும் இரண்டு தட்டுக் கூடுதலாகத் தட்டுவாள், அவ்வளவுதான். மதினி வருவதை நான் வாக்கியமாக எழுதிக் கொடுத்ததில் சார்வாளுக்கு ரொம்ப சந்தோஷம். மதினி அவருக்குத் தங்கச்சி முறை.

ஆஃப் அண்ட் ஆனுக்கு யோசிக்கவே வேண்டாம். எங்களுக்குச் சாரல் இருந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மேற்கே மலை ஒரு நிமிஷம் இருக்கும், ஒரு நிமிஷம் இருக்காது. மழை என்று சொல்ல முடியாத ஒன்று காற்றோடு வந்து முகத்தில் ஒட்டும். குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் தொடங்கும். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, வானத்தைப் பார்க்காமல், காற்றின் வாசத்தை வைத்தே "ஏளா, துணிய எடு" என்பாள். அம்மா ஓடுவாள். எடுத்து உள்ளே கொண்டுபோட்டால் வெயில் பளீரென்று அடிக்கும், "ஏளா, துணியப் போடு" என்பாள். இப்படி ஒரு நாள் முழுக்க நடந்து, சாயங்காலம் பார்த்தால் துணி காய்ந்தும் இருக்காது, நனைந்தும் இருக்காது. அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பெஞ்சு முழுக்க அந்த ஈரத்துணி நெடிதான். குற்றாலத்தில் அருவி விழுகிற செய்தி எங்களுக்குப் பேப்பரில் வருவதற்கு முன்பே சட்டையில் வந்துவிடும்.

ஒன்ஸ் இன் எ வைலில்தான் எனக்குத் திண்டாட்டம், ஏனென்றால் நல்லது எல்லாமே அந்தப் படியில் இருந்தது. சொதி அங்கே இருந்தது. எங்கள் பக்கத்தில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடு. கல்யாணம் இல்லாத காலத்தில் வீட்டில் வைப்பதென்றால் தேங்காய் மலிந்திருக்கவேண்டும், அம்மாவுக்கு மனசு இருக்கவேண்டும், ஆச்சிக்கு இடுப்புவலி இல்லாமல் இருக்கவேண்டும். மூன்று பால் எடுப்பார்கள். துருவியதை அம்மியில் ஓட்டி, துணியில் முறுக்கிப் பிழிந்த முதல் பால் தனியாகக் கிண்ணத்தில் மூடியிருக்கும், யாரும் தொடக் கூடாது. இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வேகும். பாசிப்பருப்பும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்ந்து அடுக்களை ஒரு மாதிரி இனிப்பும் உறைப்புமாக மணக்கும்போது, கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கி, ஆறியபிறகு எலுமிச்சம்பழம் பிழிவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். சாப்பிட்டு முடித்த அப்பா பட்டாசலில் துண்டை விரித்துப் படுத்து, "ம்" என்று ஒன்று சொல்வார். அதைச் சிரிப்புக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கு ரொம்ப யோசனையாக இருந்தது.

அதே படியில் ஈயம் பூசுகிறவரும் இருந்தார். அவர் வருவதற்கு நாள், கிழமை கிடையாது. திடீரென்று ஒருநாள் தெருமுனையில் "ஈயம் பூசலையோ... ஈயம்" என்று குரல் கேட்கும். பின்னால் அவர் சம்சாரம் துருத்தியைச் சுமந்துகொண்டு வரும். வேப்பமரத்தடியில் சின்னதாகக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியை மண்ணில் பதித்து ஊதத் தொடங்கினால் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். வீடுகளிலிருந்து பித்தளைக் குண்டான், குத்துப்போணி, தவலை எல்லாம் வந்து குவியும். உள்ளே ஈயம் தேய்ந்துபோன பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறிவிடும், ரசம் ஒரு மாதிரி ஆகிவிடும் என்று அம்மா பயப்படுவாள். அவர் பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுக் காலாலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்து, நெருப்பில் காட்டி, அது பழுக்கிற நேரம் பார்த்து நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். கண்ணில் எரிகிற, தொண்டையில் உப்புக்கரிக்கிற அந்தப் புகைக்காகவே காத்திருப்போம். புகைக்குள்ளேயே ஈயக்குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால், கறுத்துக் கிடந்த குண்டானின் உள்பக்கம் முழுக்க வெள்ளி ஓடும். அந்த ஒரு சுற்றில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். மூச்சை அடக்கியிருப்பார். முடித்துப் பாத்திரத்தைத் தண்ணீரில் அமுக்கும்போது வருகிற 'சொய்ங்' சத்தத்தோடுதான் மூச்சு விடுவார். எவர்சில்வர் வந்தபிறகு அவர் படி இறங்கிக்கொண்டே போனார். நான் பத்தாவது படிக்கும்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு அவர் வருவதே இல்லை.

கடைசிப் படியில் நிறுத்த எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. பம்பாய் அத்தை.

அப்பாவின் அக்கா. கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய், அங்கேயே ஒரு ஆபீசில் வேலையும் பார்த்தார்கள். அத்தை வருவதாகக் கடிதம் வரும், பிறகு லீவு கிடைக்கவில்லை என்று இன்னொரு கடிதம் வரும். அப்புறம் கடிதமே இல்லாமல் ஒருநாள் காலையில், ரயில் கரி படிந்த முகத்தோடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்குவார்கள். இடது கையில் ஆம்பளை வாட்ச். மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி. பேசும்போது நடுநடுவே "அச்சா" என்று வரும், வந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பெட்டியைத் திறந்தால் நாப்தலின் உருண்டையும் பவுடரும் கலந்த வாசத்துக்கு நடுவில் மாஹிம் அல்வாப் பெட்டி இருக்கும். அது துண்டு துண்டாக, தகடு தகடாக, ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவில் எண்ணெய்க் காகிதம் வைத்து, மேலே பாதாம் சீவல் ஒட்டி வருகிற அல்வா. திருநெல்வேலிச் சீமைக்கே அல்வா வாங்கி வருகிறாள் பார் என்று தாத்தா ஒவ்வொரு தடவையும் அதே கேலியைச் சொல்வார். அத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிப்பார்கள். எனக்கு அல்வாவை விட அந்த எண்ணெய்க் காகிதம்தான் வேண்டும். படத்துக்கு மேல் வைத்து வரைந்தால் அப்படியே தெரியும்.

1988 மே மாதக் கடைசியில் அத்தை வந்து இறங்கியபோது நான் நோட்டோடு தயாராக இருந்தேன். இங்கிலீஷ் தெரிந்த மனுஷி வீட்டுக்கு வந்திருக்கிறாள், விடலாமா? காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் எதிரே போய் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, பேச்சுப்போட்டிக் குரலில், "மை ஆன்ட் கம்ஸ் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றேன். அப்பா காப்பி டம்ளரோடு அப்படியே நிமிர்ந்தார். அர்த்தம் புரிந்த மற்ற ஒரே ஆள் அவர். அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நாள் பாத்துத்தான் சொல்லியிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நோட்டில் அப்பாவைத் திருத்தவேண்டியதாயிற்று.

விஷயம் என்னவென்றால், பம்பாயில் ஆபீசுக்கு வருகிற இங்கிலீஷ் பேப்பரில் அத்தை ஒன்று படித்திருந்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்கு ப்ளூ மூன் என்று பெயர்; அந்த மே மாதம் தொடக்கத்தில் ஒன்று வந்தாயிற்று, 31ஆம் தேதி இன்னொன்று. ராத்திரி எல்லாரும் தட்டட்டிக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்று அத்தை சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆச்சிக்குத்தான் முகம் மாறிவிட்டது. பஞ்சாங்கம் பார்க்காமல் முருங்கைக்கீரை கூடப் பறிக்காதவள். ஒரே மாசத்தில் ரெண்டு அமாவாசை வந்தால் மலமாசம், ரெண்டு பௌர்ணமி வந்தாலும் நல்ல காரியம் செய்யமாட்டார்கள்.

"ஏட்டி, ரெண்டு பௌர்ணமியா? ஆகாத மாசம்லா அது? பாத்துக்கிட்டா ரயிலேறி வந்த?"

"அது இங்கிலீஷ் மாசம்மா. நமக்குச் சித்திரையில ஒண்ணு, வைகாசியில ஒண்ணு."

"அப்ப நம்ம மாசத்துக்கு ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"அதைச் சொல்லு" என்று ஆச்சி இடிப்பதைத் தொடர்ந்தாள்.

ராத்திரி பாயும் தலையணையும் தண்ணீர்ச் செம்புமாக ஏறினோம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று. பகலெல்லாம் சுட்ட தளத்தில் தண்ணீர் தெளித்ததும் கிளம்புகிற சுண்ணாம்பு வாசம். எதிர்வீட்டு ரேடியோவில் யாரோ கரகரத்துக்கொண்டிருந்தார்கள். தென்னைக்குப் பின்னாலிருந்து நிலா ஏறி வந்தது, முதலில் பரங்கிப்பழ நிறத்தில், பிறகு மஞ்சளாக, பிறகு வெள்ளையாக. நீலம் எப்போது வரும் என்று நான் கேட்டேன். வராது என்று அத்தை சொன்னார்கள். நான் நம்பவில்லை. மேகம் ஒன்று குறுக்கே போனபோது நீலமாகத் தெரிந்ததாகக்கூடச் சொல்லிப் பார்த்தேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஆச்சிதான் எனக்காகப் பேசினாள். "வேட்டிக்கு நீலம் முக்குதோம். காஞ்சப்புறம் நீலமாவாலே இருக்கு? வெள்ளவெளேர்னுதான இருக்கு? அதுமாதிரிதான்" என்றாள். பம்பாயிலிருந்து வந்த விளக்கத்தைவிட எனக்கு இது தெளிவாக இருந்தது. மறுநாள் அதையே நோட்டில் எழுதிச் சார்வாளிடம் காட்டினேன். அவர் அதைக் கிழிக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை தும்மல் வந்துவிட்டது.

அத்தை படித்த பேப்பர் விஷயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்தே லண்டன் தெருவில் புழங்கியது. அதற்கும் மாதக் கணக்குக்கும் சம்பந்தமில்லை, சார்வாள் சொன்ன அதே 'அம்புட்டுத்தான்' அர்த்தம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து விவசாயப் பஞ்சாங்கம் ஒன்று, மூன்று மாதப் பருவத்துக்குள் நான்கு பௌர்ணமி விழுந்தால் மூன்றாவதை ப்ளூ மூன் என்று குறித்து வந்தது. 1946இல் ஜேம்ஸ் ஹியூ ப்ரூவெட் என்பவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு மாதத்தில் இரண்டாவது வந்தால் ப்ளூ மூன் என்று 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' பத்திரிகையில் எழுதிவிட்டார். அது பல வருஷம் தூங்கிக் கிடந்து, எண்பதுகளில் ரேடியோ வழியாக எழுந்து, 1988 மே மாதத்தில்தான் பத்திரிகைகளில் பற்றிக்கொண்டது என்று பிலிப் ஹிஸ்காக் என்ற கனடா நாட்டு நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் எழுதியிருக்கிறார். அதாவது அமெரிக்கக்காரன் புதிதாகக் கேள்விப்பட்ட அதே மாதத்தில் எங்கள் தட்டட்டியிலும் பாய் விரித்துவிட்டோம். அந்தப் பத்திரிகையே 1999இல் தங்கள் தப்பை ஒத்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, தப்பான அர்த்தமே நின்றுவிட்டது. எனக்கென்னவோ அதில் வருத்தமில்லை. சரியான கணக்கைப் பத்து வயதுப் பையனிடம் சொல்லித் தட்டட்டிக்கு ஏற்ற முடியாது.

நிஜமாகவே நிலா நீலமானதும் உண்டு. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் க்ரகடோவா எரிமலை வெடித்தபோது வானத்தில் ஏறிய நுண்தூசி சிவப்பு ஒளியைச் சிதறடித்துவிட்டு நீலத்தையும் பச்சையையும் மட்டும் விட்டது. செப்டம்பரில் மதராஸிலும் இலங்கையிலும் சூரியனே பச்சையாகத் தெரிந்திருக்கிறது. மதராஸில் அதைக் கவனித்து எழுதிய மிச்சி ஸ்மித்தான் பிறகு கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்தியவர். பச்சைச் சூரியனைப் பார்த்து அன்றைக்கு எந்த ஆச்சி என்ன சொன்னாளோ, அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்த லீவுக்குப் பிறகு வந்த இன்லாண்டு லெட்டர்களில் அத்தை கையெழுத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் போட்டு, அதில் நீல மசியால் கோடு கோடாக இழுத்திருப்பார்கள். தபால்காரர் அதை ஏதோ பம்பாய்க் கம்பெனி முத்திரை என்று நினைத்துக்கொண்டிருந்தார். 2007இல் ஒருநாள் போன் செய்து, மே 31 மறுபடி ப்ளூ மூன் என்று பேப்பரில் போட்டிருக்கிறான் என்றார்கள். நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன்: அது அமெரிக்காவுக்கு, நமக்கு அந்தப் பௌர்ணமி ஜூன் 1 காலையில்தான் நிறைகிறது, ஆகவே நமக்கு ப்ளூ மூன் ஜூன் 30. "அப்ப நான் ஒரு மாசம் கழிச்சு வாரேன்" என்றார்கள். வரவில்லை. லீவு என்று சொல்ல வழியில்லாமல், ரிட்டயரானபிறகும் அத்தை அந்தக் கடைசிப் படியிலிருந்து ஏறவே இல்லை.

கணக்கு சுலபம்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள். 19 வருஷத்துக்கு மாதம் 228, பௌர்ணமி 235, மிச்சம் ஏழு. அந்த ஏழும்தான் ப்ளூ மூனாக எங்காவது போய் விழுகின்றன. 19 வருஷத்துக்கு ஒருமுறை நிலா ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பி வந்துவிடும் என்பதால் 1988க்குப் பிறகு 2007, அதற்குப் பிறகு 2026. அந்த வருஷ மே மாதம் 1ஆம் தேதி ஒரு பௌர்ணமி, 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று, இரண்டும் நம் கணக்கிலும் மே மாதத்துக்குள்தான். ஆச்சி வழியில் வந்தவர்கள் கவலைப்படவேண்டாம்: அது வைகாசிக்கு ஒரே பௌர்ணமிதான்.